சிந்தாதிரிப்பேட்டையில் குளிர் அடிக்கிறது!

சென்னைக்காரனின் குளிர்காலம் ரொம்ப சிம்பிள். தலைக்கு மஃப்ளர், மேலே ஃபேன் மூன்றாம் நம்பரில்! இந்த ஊரில் பதிவான உச்சக்கட்டக் குளிரே 13.9 டிகிரிதான். 1895 டிசம்பரில் ஒரு தரம், 1905 ஜனவரியில் ஒரு தரம். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பாதரசம் அந்தப் பக்கம் போகவில்லை. 45 டிகிரியை மட்டும் 2003 மே மாதம் தாராளமாகத் தொட்டுவிட்டு வந்தது.

டொரன்டோ பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு வேறு தலைவிதி. வீட்டை ஒட்டி கார் நிறுத்த ஓர் அறை. அதன் மூலையில் ஒரு மேஜை, வைஸ், டிரில்லிங் மெஷின் என்று குட்டிப் பட்டறை. ஜனவரியில் வெளியே மைனஸ் இருபது. ஸ்பேனரைத் தொட்டால் கை விறைக்கும். மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசை பத்து டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். அதனால் அங்கே பட்டறை போடுகிறவனின் முதல் கேள்வியே, ‘ஹீட்டர் எங்கே வைக்கலாம்?’

இந்தக் கேள்வியை சிந்தாதிரிப்பேட்டையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்றுதான் நினைப்பீர்கள். சிரிக்க மாட்டார்கள். பதில் சொல்வார்கள்!

1995-ல் ஓட ஆரம்பித்த பறக்கும் ரயிலில் போய் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். மீன் மார்க்கெட் உங்கள் மூக்குக்கு முதலில் வந்து சேரும். நேப்பியர் பார்க்காக இருந்து மே தினப் பூங்காவான பூங்கா ஒரு பக்கம். மற்றபடி, சந்துக்குச் சந்து ஷட்டர் போட்ட சின்னச் சின்ன அறைகள். லேத், வெல்டிங், அச்சகம், மோட்டார் ரீவைண்டிங். கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை. அங்கே காரைப் பிரிப்பார்கள், இங்கே தேய்ந்த பாகத்தைக் கடைந்து உயிர் கொடுப்பார்கள். மாடியில் குடும்பம், கீழே பட்டறை என்ற வீடுகளும் உண்டு. மேலே ரசம் தாளித்தால் கீழே லேத்காரருக்குத் தும்மல் வரும்.

இந்தப் பேட்டை பிறந்ததே வீட்டுப் பட்டறைகளுக்காகத்தான். 1734 வாக்கில், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கம்பெனிக்குத் துணி பஞ்சம். நெசவாளர்களைக் குடியேற்ற இடம் தேடியபோது கிடைத்தது சுங்குராம செட்டியின் தோட்டம். கூவம் வளைந்து அணைத்துக்கொள்ளும் இடம். நிழல் தரும் பெரிய மரங்கள். நூற்கிறவர், நெய்கிறவர், சாயம் எழுதுகிறவர், வெளுக்கிறவர் எல்லோரும் குடிவந்தார்கள். ‘சின்னத் தறிப்பேட்டை’தான் மருவி இப்படி ஆயிற்று என்பார்கள்.

நெசவாளிக்கு ஈரக்காற்று லட்சுமி. பருத்தி நூல் ஈரத்தில்தான் பலம். காற்று வறண்டால் கஞ்சி போட்ட பாவு மொறுமொறுவென்று அறுந்துபோகும். தறியைக் குழியில் இறக்குவதில் இந்தச் சௌகரியமும் இருக்கிறது. ஆக, ஆற்றங்கரையும் மரநிழலும் தறிக்கு அமைந்த ஏர் கண்டிஷன்!

பிறகு தறி போய் இரும்பு வந்தது. அதே கூவம், அதே கடல் காற்று. ஆனால் லட்சுமி மூதேவியாகிவிட்டாள்.

“மழைக்காலத்தைக்கூட சமாளிச்சுடலாம் சார். இந்த மார்கழிதான் பேஜாரு” என்றார் லேத் பட்டறைப் பெரியவர்.

“ஏன் பெரியவரே?”

“ராத்திரி தொடச்சு வச்சுட்டுப் போவேன். காலைல வந்து ஷட்டரத் தூக்குனா, கொஞ்ச நேரத்துல மெஷின் வேர்க்கும். நமக்கு வேர்க்காது, அதுக்கு வேர்க்கும்!”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு விஞ்ஞானம். ராத்திரி 22 டிகிரியில் கிடந்து குளிர்ந்த இரும்பு சட்டென்று சூடாகாது. காலையில் வெயிலேறி, 28 டிகிரி கடல் காற்று 80 சதவிகித ஈரத்தோடு உள்ளே நுழைகிறது. அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். ஐஸில் வைத்த சோடா பாட்டில் வேர்க்கிற கதைதான். காற்றில் உப்பு வேறு. மத்தியானத்துக்குள் டிரில் பிட்டில் மஞ்சள் பூசியாயிற்று.

துருவுக்குக் கைராசியும் உண்டு. சில பேருடைய வியர்வை பட்டால் பளபள இரும்பில் மறுநாளே விரல் ரேகை எழுதியிருக்கும். அப்படிப்பட்ட பையன் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுக்க மாட்டார்களாம். ஜாதகம் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம்!

ஆக, இந்த ஊர்ப் பட்டறைக்கும் சூடு வேண்டும். மனிதனுக்கு இல்லை, இரும்புக்கு. நாலே டிகிரி போதும். 24 டிகிரியில் 90 சதவிகித ஈரத்தோடு இருக்கும் காற்றை 28-க்கு ஏற்றினால் ஈரம் 70 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அதற்கு இவர்களின் ஹீட்டர், ஒரு குண்டு பல்பு!

பெரியவரின் மர அலமாரியில் அடித்தட்டில் ஒரு 60 வாட்ஸ் பல்பு எரிகிறது. மேலே டாப் செட், வெர்னியர் காலிப்பர் எல்லாம் கதகதப்பாக உறங்குகின்றன. குண்டு பல்பு தின்கிற கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் முக்கால் யூனிட்டுக்குள். சுற்றிலும் அரை அடிக்குத் துணி, காகிதம், எண்ணெய் டப்பா எதுவும் இல்லாமல் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்.

பக்கத்து ரீவைண்டிங் கடையில் இன்னும் அழகான காட்சி. மழையில் நனைந்து படுத்த பம்ப் மோட்டாரைப் பிரித்து, ஸ்டேட்டரின் வயிற்றுக்குள் 200 வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, மேலே கோணி படாமல் தகர மூடி. கோழி அடைகாக்கிற மாதிரி ஒரு நாள் முழுக்க இருக்கும். அப்புறம் மெக்கரை வைத்துச் சுற்றுவார்கள். முள் ஒரு மெகா ஓமைத் தாண்டாவிட்டால் மறுபடி அடை.

இந்தக் கடைப் பையன் ஒருவன், ஈரம் சீக்கிரம் போகட்டும் என்று கரி அடுப்பை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கப் போனானாம். கடைக்காரர் தாவி வந்து பிடுங்கியிருக்கிறார். “துட்டு போனா சம்பாதிச்சுக்கலாம். இவன் அம்மாவுக்கு நான் யார்ரா பதில் சொல்றது?” என்று சொல்லும்போது இன்னமும் அவர் குரல் ஏறுகிறது.

அந்தக் கோபம் நியாயமானது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்கு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் போன இரண்டு இளைஞர்கள், பார்பெக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கினார்கள். காலையில் எழவில்லை. டொரன்டோவில் காரேஜை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டாலும் இதே கதைதான். பட்டறையில் தின்னர் வேறு இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும்.

வீட்டு மாடிப்படிக்கு அடியில் டூல் பெட்டி வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கு இவ்வளவு வைபவம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் எஞ்சின் ஆயிலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, மூடி இறுக்கமான டப்பா, உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம். புது ஷூ பெட்டியில் வருகிறதே, அதேதான். பெயின்ட் அடிப்பதானால் காலை பதினொரு மணிக்கு மேல். பனி நேரத்தில் அடித்த லாக்கர் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும்.

பெரியவருக்கு இப்போது புதுக் கவலை.

“எல்.இ.டி. போடுன்னான் பையன். போட்டேன். வெளிச்சம் ஜோரு. அலமாரி சில்லுன்னு கெடக்குது. குண்டு பல்பு கேட்டா கடைக்காரன் என்னை மியூசியத்துலேர்ந்து வந்தவன் மாதிரி பாக்கறான்.”

“அப்புறம் எப்படி?”

லேத்துக்குப் பின்னால் கை விட்டு, காட்டன் வேஸ்ட்டில் பொதிந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே ஏழு பல்புகள்.

“ஒண்ணு ஒரு சீசன் வருது. கணக்குப் போட்டுக்கங்க சார்” என்றவர், பெட்டியை மறுபடி பொதிந்து, பையன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.