ஐன் எழுத்துக்கு நான்கு உருவம்

பெய்ரூட், 1860. லெபனான் மலைப்பகுதியில் ட்ரூஸ், மரோனைட் சமூகங்களுக்கிடையே சண்டை. டமாஸ்கஸில் கிறிஸ்தவர் படுகொலை.

அந்த ஆண்டே எழுத்தாளர் புத்ருஸ் அல்-புஸ்தானி தாள் தாளாக அச்சடித்து வெளியிடுகிறார். ‘நஃபீர் சூரியா’. பெயர் போடவில்லை. ‘தாய்நாட்டை நேசிப்பவன்’ என்று மட்டும் கையெழுத்து.

மொத்தம் 11 தாள்தான்.

பத்து வருடம் கழித்து அவரே ‘அல்-ஜினான்’ தொடங்கினார். மகன் சலீம் அதில் தொடர்கதை எழுதினார். அப்பா இதழ் நடத்த, மகன் கதை எழுத.

1882, அதே ஊர். கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு பேராசிரியர் டார்வினைப் பாராட்டிப் பேசிவிட்டார். அந்தப் பேச்சு ‘அல்-முக்ததஃப்’ இதழில் வந்தது. அவர் வேலை போயிற்று. மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஜுர்ஜி ஸைதான். மருத்துவம் படிக்க வந்தவர். டாக்டர் ஆகவில்லை.

‘முக்ததஃப்’ ஆசிரியர்கள் இதழோடு கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஸைதானும் கெய்ரோவுக்குத்தான் போனார்.

1892. கெய்ரோவில் ஸைதானின் ‘அல்-ஹிலால்’ இதழ்.

அதே ஆண்டு நியூயார்க்கில் ‘கவ்கப் அமெரிக்கா’ என்ற அரபுப் பத்திரிகை.

அதே ஆண்டு அலெக்ஸாண்ட்ரியாவில் ‘அல்-ஃபதாத்’. அரபு மொழியின் முதல் பெண்கள் இதழ். ஆசிரியர் ஹிந்த் நவ்ஃபல்.

அவருக்குக் கல்யாணம் ஆனது. 1894இல் இதழ் நின்றது. இதைப் படித்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

இந்த இதழ்களுக்கெல்லாம் பின்னால் அரபு அச்சுக்கோப்பவரின் பாடு. ‘ஐன்’ என்று ஓர் எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் வாய் திறந்த வளைவு. நடுவில் சின்ன முடிச்சு. கடைசியில் வால். தனியே நின்றால் வேறு. ஒரே எழுத்துக்கு நான்கு அச்சு.

அச்சுக்கோக்கும் லைனோடைப் இயந்திரத்திலோ எழுத்துகளுக்கு 90 தடம்தான்.

நியூயார்க்கில் ‘அல்-ஹுதா’ பத்திரிகையின் சல்லூம் முகர்ஸல் அந்த இயந்திரத்தை அரபுக்குப் பழக்கினார். அண்ணன் நவூம் தொடங்கிய பத்திரிகை. 1898இல், ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி, பின்பு நியூயார்க் வந்தது.

படித்தவர்கள் யார்? நியூயார்க் வாஷிங்டன் தெருவின் அரபுக் கடைக்காரர்கள். முதுகில் ‘கஷ்ஷா’ மூட்டை சுமந்து ஊர் ஊராக ஊசி, நூல், ஜெபமாலை விற்றவர்கள்.

‘அல்-ஃபுனூன்’. நியூயார்க், 1913. நசீப் அரீதா நடத்தினார். பணம் இல்லாமல் நின்றது. 1916இல் திரும்ப வந்தது.

அப்போது லெபனான் மலையில் பஞ்சம். போர், கடல் முற்றுகை, வெட்டுக்கிளி. நியூயார்க்கில் எழுதுபவனுக்கு அங்கே வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. கவிஞர் ஜிப்ரான் ஒரு பக்கம் பஞ்ச நிவாரணக் குழுவின் செயலாளர். மறு பக்கம் செத்துப்போன தன் மக்களைப் பற்றி ‘ஃபுனூ’னில் எழுதினார்.

1918இல் இதழ் மறுபடி நின்றது. அதோடு சரி.

அடுத்தவர் எழுத்தை அவ்வளவு பாடுபட்டு அச்சில் ஏற்றியவர் அரீதா. அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது 1946இல். அவர் இறந்த வருடம்.

சாவோ பாவ்லோ. சிரிய, லெபனான் கவிஞர்கள் நடத்திய இதழ் ‘அல்-உஸ்பா’. 1941இல் பிரேசிலின் வர்காஸ் அரசு அந்நிய மொழி இதழ்களுக்குத் தடை போட்டது. நின்றது. போர் முடிந்தபின் திரும்ப வந்தது.

நியூயார்க்கின் ப்ரூக்ளினில் கவிஞர் இலியா அபு மாழி ‘அஸ்-ஸமீர்’ நடத்தினார், 1929 முதல். அவர் 1957இல் காலமானார். இதழும் அந்த ஆண்டோடு முடிந்தது.

‘முக்ததஃப்’ 1952இல் நின்றது.

‘ஹிலால்’ கெய்ரோவிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.