வசந்தமும் உறைபனியும்

கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த எங்கள் நுவரெலியாவில் ஏப்பிரல் மாதம் ‘வசந்தகாலம்’. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, 1873இல் தேசாதிபதி கிரகரி அமைப்பித்த வாவியிலே படகுச் சவாரி என ஊர் களைகட்டும். இவை யாவரும் அறிந்தவையே.

தை மாதத்து உறைபனியின் கதை வேறு. விடியலில் வெண்மை பூண்ட புல்வெளியைக் காணக் கொழும்பிலிருந்து வாகனங்கள் வரும். (கண்ணாடியை இறக்காமலே இரசித்துத் திரும்புவோரும் உளர்.) அதே வெண்மை தேயிலையிற் படிந்து, வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடுகின்றது. கொழுந்தின் நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான். அதாவது, பாதிச் சம்பளம்.

“பனி கொட்டுகிறதா, வரலாமா?” எனப் பல்கலைக்கழக நண்பர்கள் வினவுவர். வாருங்கள் என்றே அழைக்கிறேன். ஆனால், புல்வெளியோடு திருப்பி அனுப்புவதில்லை; ஒன்பது மணி வெயிலில் தேயிலை மலைக்கும் அழைத்துச் செல்கிறேன்.