சாவி சிக்கிக்கொண்ட காலை

அன்று காலை ஒன்பது மணிக்கு செஞ்சி கூட்டு ரோட்டில் டீ குடிக்க எங்கள் பழைய மாருதி ஆம்னியை நிறுத்தினோம். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை எடுக்கப் போனால் வரவில்லை. மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் அந்தப் பக்கமும் திரும்பவில்லை. பாதியில் மாட்டிக்கொண்டது.

பின் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வன்கொடுமை வழக்கு ஒன்றின் நேரடி சாட்சி. பத்தரை மணிக்கு அவர் விழுப்புரம் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். போன வாய்தாவுக்கு அவர் பஸ்ஸில்தான் போனார். எதிர்த்தரப்பு உறவுக்காரர்கள் இரண்டு பேர் பின் சீட்டில் உட்கார்ந்து, அவருடைய மகளுக்கு எப்போது கல்யாணம், மாப்பிள்ளை எந்த ஊர் என்று வழி முழுக்க விசாரித்துக்கொண்டே வந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்று வழக்கு தள்ளிப்போனது. ஊர் திரும்பியதும், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க தம்பி" என்றார். பிறழ்சாட்சி என்று தீர்ப்புகளில் ஒரே சொல்லில் முடிந்துவிடும் விஷயம் பல நேரம் இப்படித்தான் பஸ்ஸில் தொடங்குகிறது. மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான், "வண்டி வச்சுக் கூட்டிப் போனா வரேன்" என்றார். அந்த வண்டிதான் இப்போது நகர மறுக்கிறது.

நாங்கள் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. ஆளுக்கு ஒரு தரம் சாவியை முறுக்கினோம். எங்களில் ஒருவர் டீக்கடையில் கட்டிங் பிளேயர் வாங்கி வந்தார். அந்த அம்மாதான் தடுத்தார். "ஒடிஞ்சிடப் போவுது, வுடுப்பா."

பக்கத்துக் காலனியில் மெக்கானிக் வேலை செய்யும் தம்பிக்குப் போன் போட்டோம். அவர் வரும்வரை ரோட்டோரம் நின்றோம். கோட்டைக்குப் போகும் சுற்றுலா வேன்கள் தாண்டிப் போயின. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் எல்லோரும் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். சமார் திக்ரி என்றும் எழுதுவார்கள். இரண்டுமே தோல் தொழில் செய்த மக்களின் சாதிப் பெயர்கள். கோட்டை பார்க்க வருகிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

தம்பி வந்ததும் சாவியைத் தொடவே இல்லை. முதலில் முன் சக்கரத்தைப் பார்த்தார். சாக்கடை மேல் போட்டிருந்த கல்லில் சக்கரம் முட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. "ஸ்டீயரிங்ல பாரம் ஏறிக்கினு கீது அண்ணே. பூட்டு எப்படித் திரும்பும்?" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறோம். இந்த மாதிரி கியர் வண்டிகளில் சாவி 'லாக்' நிலைக்கு வந்தால்தான் வெளியே வரும். அதற்குச் சாவியைக் கொஞ்சம் உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். நாங்கள் பதற்றத்தில் வெளியே இழுத்துக்கொண்டே திருப்பியிருக்கிறோம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் பல் தேய்ந்தாலும், உள்ளே அழுக்கு சேர்ந்தாலும் அவை சரியான இடத்தில் உட்காராது.

ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்தார். மறு கையால் சாவியை உள்ளே அழுத்தியபடி லேசாகத் திருப்பினார். நாலைந்து தரம். 'டக்' என்று ஒரு சத்தம். சாவி கையோடு வந்தது.

சாவியை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "தேங்கா எண்ணெய் வுட்டீங்களா?" விட்டிருந்தோம். போன மாதம் இறுக்கமாக இருந்தபோது நாங்களே ஊற்றியது. எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகிவிடுமாம். ஓட்டைக்குள் ஸ்பிரே அடித்து அழுக்கைக் கரைத்தார். எங்கள் வழக்குக் கட்டிலிருந்த பென்சிலை வாங்கி, அதன் கரியைச் சாவியின் இரண்டு பக்கமும் தேய்த்து, உள்ளே விட்டு விட்டு எடுத்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது. "தேஞ்ச சாவிய வச்சு டூப்ளிகேட் போடாதீங்க. அதுவும் தேஞ்ச சாவியாத்தான் வரும்" என்றார். காசு வாங்க மறுத்தவர், அந்த அம்மாவைப் பார்த்து, "தைரியமா சொல்லுங்கம்மா" என்றார்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்லவேளை, இன்னும் கூப்பிடவில்லை. மதியம்வரை குறுக்கு விசாரணை நடந்தது. பார்த்ததை அவர் பார்த்தபடியே சொன்னார்.

தோழர்களே, அன்று நாங்கள் தப்பித்தோம். அதுதான் எங்களை உறுத்துகிறது. ஒரு சாட்சி நீதிமன்றம் போய்ச் சேர்வது ஒரு பழைய ஆம்னியின் சாவியை நம்பி இருக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, சாட்சிக்குப் பாதுகாப்பையும் பயணச் செலவையும் உரிமையாக்குகிறது. 1995 விதிகளில் 11-ஆவது விதியைப் படியுங்கள். பஸ் கட்டணம் மட்டுமல்ல, டாக்ஸிக் கட்டணமும் அதில் உண்டு. போக்குவரத்து ஏற்பாடு செய்வதோ, செலவைத் திருப்பித் தருவதோ மாவட்ட நிர்வாகத்தின் கடமை. பணத்தை உடனே, அதிகபட்சம் மூன்று நாளுக்குள் தர வேண்டும். பல வருடமாக இந்த வேலையில் இருக்கும் நாங்களே, எங்களிடம் வண்டி இருக்கிறதே என்று இதற்கு மனு போடாமல் இருந்தோம். நம் கைக்காசில் சமாளிக்கப் பழகிவிட்டால், கேட்க வேண்டியதைக் கேட்கவே மறந்துவிடுகிறோம்.

அந்த வாரமே மனு எழுதிக் கொடுத்தோம். அதே பென்சிலால்தான் நகல் எழுதினோம்.

போன வாரம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தோம். வழக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. "சாவி மாத்திட்டீங்களா தம்பி?" என்றுதான் கேட்டார்.