முதலாளி கண்ணில் படாமல் இருக்க ஒரு கருவி... குழம்பிப்போன விமான நிலையம்!

2012 ஆகஸ்ட். அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் ஒருவர், கம்பெனி கொடுத்த பிக்-அப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, கம்பெனி அதில் ஜி.பி.எஸ் டிராக்கர் பொருத்தியிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஜி.பி.எஸ் சிக்னலைத் தடுக்கும் ஜாமர் ஒன்றை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார்.

டிராக்கர் அடங்கியது. கூடவே, நியூவார்க் சர்வதேச விமான நிலையத்தில் விமானங்களைத் தரையிறக்க உதவுவதற்காகச் சோதித்துக்கொண்டிருந்த ஜி.பி.எஸ் சார்ந்த அமைப்பும் குழம்பியது. மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் ஆட்கள் சிக்னலைத் துரத்திக்கொண்டே வந்து அந்த வண்டியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு, அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்போவதாக ஆணையம் அறிவித்தது.

அவர் தீவிரவாதி இல்லை. விமானத்தைக் குழப்ப வேண்டும் என்று அதை வாங்கவும் இல்லை. வேலை நேரம் முழுக்கத் தலைக்கு மேல் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கால் டாக்ஸி ஓட்டுபவர், உணவு டெலிவரி செய்பவர் எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல்தான். ஆனால், அவர் அணைத்தது தன் வண்டியின் டிராக்கரை மட்டும் அல்ல, சுற்றியிருந்தவர்களின் வழிகாட்டியையும் சேர்த்துத்தான்.

ஏன் இவ்வளவு சுலபம்?

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றுகின்றன. 'இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்று கணக்குப்போட்டுத்தான், போன் நம் இடத்தில் நீலப் புள்ளி வைக்கிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினாலே, கணக்கில் 300 மீட்டர் தவறிவிடும்.

அவ்வளவு தூரம் கடந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது மிக மிக மெலிந்திருக்கும். அதே அலைவரிசையில் பக்கத்திலிருந்து யாராவது இரைச்சலைக் கிளப்பினால் போதும். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று போன் பேசுவதுபோல ஆகிவிடும். இதுதான் ஜாமிங்.

ஸ்பூஃபிங் வேறு மாதிரி. அது இரைச்சல் போடாது, மிமிக்ரி செய்யும். செயற்கைக்கோள் போலவே பேசி, பொய்யான இடத்தையோ நேரத்தையோ நம்பவைக்கும். ஜாமிங்கில் 'சிக்னல் இல்லை' என்றாவது தெரியும். ஸ்பூஃபிங்கில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே திரை காட்டும். ஆபத்து அதில்தான் அதிகம்.

ஊரையே மாற்றிக் காட்டிய போன்

டிரோன்களும் ஏவுகணைகளும் ஜி.பி.எஸ் உதவியோடு பறப்பதால், அவற்றைத் திசைதிருப்ப ராணுவங்களே இந்த வேலையைச் செய்கின்றன. பாதிப்பு பொதுமக்களுக்கும் வந்து சேர்கிறது. 2024 ஏப்ரலில் இஸ்ரேல் ராணுவம் ஜி.பி.எஸ்-ஸைக் குழப்பியபோது, டெல் அவிவில் இருந்தவர்களின் போன்கள் அவர்கள் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் இருப்பதாகக் காட்டின. டாக்ஸி வராதது ஒரு பக்கம் இருக்கட்டும். ராக்கெட் தாக்குதல் பற்றி எச்சரிக்கும் ஆப்கூட இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் எச்சரிக்கும். 'உங்கள் ஊரை நீங்களே ஆப்பில் பதிந்துகொள்ளுங்கள்' என்று மக்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே மாதம், எஸ்டோனியாவின் இரண்டாவது பெரிய நகரமான டார்ட்டுவுக்கு இன்னொரு சிக்கல். ஹெல்சிங்கியிலிருந்து கிளம்பிய ஃபின்ஏர் விமானங்கள் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் அங்கே இறங்க முடியாமல் வந்த வழியே திரும்பின. எஸ்டோனியா ரஷ்யாவைக் குற்றம்சாட்டியது. டார்ட்டுவில் ஃபின்ஏர் பயன்படுத்திய தரையிறங்கும் முறை ஜி.பி.எஸ்-ஸை நம்பியே இருந்ததால், ஏப்ரல் 29 முதல் ஒரு மாதத்துக்குச் சேவை நிறுத்தப்பட்டது. தரையில் இருக்கும் ரேடியோ கருவிகளை வைத்து இறங்கும் மாற்று வழி வந்த பிறகே, ஜூனில் விமானம் திரும்ப வந்தது.

விமானிகளுக்கு இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. தரைக்கு மிக அருகில் பறந்தால் 'மேலே ஏறு' என்று கத்தும் எச்சரிக்கைக் கருவி, ஸ்பூஃபிங்கில் ஏமாந்து நடுவானிலும் கத்தும். பொய் எச்சரிக்கை பழகிப்போனால், உண்மையான எச்சரிக்கையையும் சட்டென்று நம்பத் தோன்றாது.

சென்னையும் பட்டியலில்

தூர தேசத்துக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2025 நவம்பரில் டெல்லியில் தரையிறங்க வந்த சில விமானங்கள் ஸ்பூஃபிங்கை எதிர்கொண்டன. டிசம்பரில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு இதை நாடாளுமன்றத்தில் உறுதிசெய்தார். குறுக்கீடு புகார்கள் வந்த விமான நிலையங்களாக அவர் சொன்ன பட்டியலில் மும்பை, பெங்களூருவோடு சென்னையும் இருந்தது. டெல்லியில் வழக்கமான தரைவழிக் கருவிகள் இருந்த மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பு இல்லை என்றும் அவர் தெரிவித்தார். டார்ட்டுவில் இல்லாத மாற்று வழி டெல்லியில் கைவசம் இருந்தது.

நம் நாட்டில் அரசின் அனுமதி இல்லாமல் ஜாமரோ, ஜி.பி.எஸ் பிளாக்கரோ பயன்படுத்துவது சட்டவிரோதம். டிராக்கர் தொல்லை என்றால் முதலாளியிடமோ, சங்கத்திலோ பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அதே சிக்னலைப் பார்த்துத்தான் நம் தெருவைத் தேடி வருகிறார்.

அவசரத்துக்கு வண்டியை அழைக்கும்போது லொகேஷன் அனுப்பிவிட்டோம் என்று இருந்துவிடாமல், 'பிள்ளையார் கோயில் தாண்டி இரண்டாவது சந்து, பச்சை கேட்' என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள்.