அடிக்கு ஒரு நூல்

மனிதனுக்கு ஓய்வு கிடைத்ததும் அவன் செய்கிற முதல் காரியம், அதைத் தொலைப்பதற்கு ஒரு வழி தேடுவதுதான். நான் மீன் தொட்டி வாங்கினேன்.

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் வெறுங்கையோடு திரும்பியவர் யாராவது இருந்தால் அவரை நான் நமஸ்கரிக்கிறேன். நான் திரும்பும்போது பின்னால் ஒரு வண்டியில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும், அதைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு ஒன்றும் வந்தன. “தரை மட்டமாக இருக்கட்டும், சார்” என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அந்தத் தொட்டி 250 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, கூழாங்கல், இரும்பு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவுக்குக் குறையாது. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்பது போலத்தான்.

கூடத்தில், அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரே தொட்டியை வைத்தோம். சோதனைக்காக நாலு விரற்கடை தண்ணீர் விட்டேன். இடது கோடியைவிட வலது கோடியில் அரை அங்குலம் அதிகமாக நின்றது. தண்ணீர் பொய் சொல்லாது. குற்றவாளி தரைதான் என்று உடனே முடிவு கட்டிவிட்டேன்.

அது 1971-ல் அப்பா கட்டிய வீடு. காவி போட்ட சிமெண்டுத் தரை. “உங்களைக் கொத்தனார் நன்றாக ஏமாற்றியிருக்கிறார். அவர் தரை போடும்போது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?” என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. காலையிலேயே படித்து முடித்த பத்திரிகையை மறுபடியும் விரித்துக்கொண்டார்.

நான் ஒரு கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்து ஸ்டாண்டின் காலுக்கு அடியில் சொருகினேன். “350 கிலோவை இதுவா தாங்கப் போகிறது?” என்றாள் என் மனைவி. மறுநாள் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தேன். வயதானவர். கையில் ரசமட்டமும், தண்ணீர் நிரப்பிய நீளமான குழாயும் வைத்திருந்தார்.

தொட்டியைக் காலி செய்து இறக்கச் சொன்னார். நான்கு கால்களையும் சுற்றி வந்தார். வலது பக்கத்துப் பின்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்தார். அது தாராளமாகப் போயிற்று.

“சாய்வு வேறே, முறுக்கு வேறே, சார். சாய்வு பார்க்கத்தான் அசிங்கம். இந்தக் கால் அந்தரத்தில் நிற்கிறது பாருங்கள், இதுதான் ஆபத்து. பாரம் ஏறினால் ஸ்டாண்டு முறுக்கிக்கொள்ளும். இரும்பு வளையும், கண்ணாடி வளையாது.”

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும் என்பதை அன்றுதான் யோசித்துப் பார்த்தேன். மூன்று கால்கள் தரையோடு எப்படியாவது சமாதானமாகிவிடுகின்றன. நான்காவதுதான் வம்பு.

என் கல்யாணப் பத்திரிகையை எடுத்து மரியாதையாக என்னிடமே கொடுத்துவிட்டார். நனைந்தால் காகிதம் கூழாகிவிடும், மரமும் நம்பத்தக்கதல்ல என்றார். வலது முன்காலுக்கு நாலு நூல் கனத்தில் இரும்புத் தகடு. பின்கால் ஒரு சிறு குழியில் நின்றதால் அதற்கு ஐந்து நூல். தகட்டுக்கு அடியில் இடைவெளி இல்லாதபடி சிமெண்டுப் பால். எல்லாம் கால்களுக்கு அடியில்தான். கண்ணாடிக்கு அடியில் எதையும் சொருகக் கூடாது, மணல் குத்தாமலிருக்க ஒரு தெர்மோகோல் விரிப்பு போதும். மூன்று நாள் பாரம் ஏற்றாமல் காய வேண்டும்.

“இந்தத் தரையைப் போட்ட மகானுபாவன் யாரோ!” என்றேன்.

கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கித் தரையில் ஊற்றினார். அது அங்கும் இங்கும் அலையாமல் ஒரே போக்காக ஓடி, ஜன்னலுக்குக் கீழே மூலையில் போய் நின்றது.

“அடிக்கு ஒரு நூல். நாலடிக்கு நாலு நூல், அதாவது அரை அங்குலம். இது பிசகு இல்லை, சார். வாட்டம். கூடம் முழுக்க இவ்வளவு சீராகப் போட்டவர் நல்ல கைக்காரர். அந்த மூலையில் ஒரு துவாரம் இருந்திருக்குமே?”

இருந்தது. எலி வருகிறது என்று 1998-ல் அதைச் சிமெண்டு வைத்து அடைத்தவன் நானேதான்.

அப்பா பத்திரிகையைக் கீழே வைத்தார். “உன் அம்மா கேட்டது. வெள்ளிக்கிழமை கூடம் கழுவினால் குனிந்து வாரிக்கொண்டிருக்க முடியாது, தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்றாள். கொத்தனார் தரை போட்டு முடிக்கிறவரைக்கும் நான் பக்கத்திலேயேதான் நின்றேன்.”

“அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அப்பா?”

“நீ எங்கே கேட்டாய்? தீர்ப்பைத்தானே சொன்னாய்?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்தத் தரையில் தவழ்ந்தவன் நான். அது எந்தப் பக்கம் சாய்கிறது, எதற்காகச் சாய்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அரை அங்குலத்தைக் கண்டதும் இரண்டு பேரைக் குற்றவாளிகளாக்கிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பாதித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம்; பிறகு நிரப்பினோம். தண்ணீர் மட்டம் விளிம்போடு ஒட்டி நேராக நின்றது. கொத்தனாரிடம் சொல்லி மூலைத் துவாரத்தையும் திறந்து கம்பி வலை வைத்தேன்.

வாரம் ஒருமுறை தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் இரண்டு செம்பு சிந்திவிடுகிறது. யாரும் தள்ள வேண்டாம். அது தானாக மூலைக்குப் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் மட்டும் அப்பா மீன்களை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.