உடைந்ததென்று ஒதுக்கிய கூடு

தாம்பரத்தில் இரயிலேறி அரியலூரில் இறங்குவார்க்குக் கடலின் நினைவே எழாது. ஆயினும் அப்பக்கத்து ஊட்டத்தூர்ப் பாறைகள் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியிற் படிந்தவை. காரை என்னும் ஊரருகே யான் பொறுக்கிவந்த சாம்பல்நிறக் களிப்பாறையைக் கல்லூரிச் சோதனைச்சாலையில் அமிலத்திலிட்டுக் கரைத்தபோது எஞ்சியவை, மில்லிமீட்டரில் இருபதிலொரு பங்கே அகலமுள்ள கூடுகள்.

அவற்றுட் பல ஸ்பினிஃபெரைட்டிஸ் ராமோசஸ் என்னும் இனத்தைச் சார்ந்தவை. டைனோஃபிளாஜெல்லேட் என்ற கடற்சிற்றுயிர் உறங்குங்காலத்துத் தன்னைச் சூழ அமைத்துக்கொண்ட உறை இது. உருண்டையின் மேல் மெல்லிய வரம்புகள் ஓடித் தகடு தகடாய்ப் பிரித்துக் காட்டும். நடுவிற் கச்சை கட்டினாற்போல் ஒரு பட்டை. வரம்புகள் கூடும் மூலைதோறும் ஒரு முள் எழுந்து, நுனியில் மூன்றாய்ப் பிளந்திருக்கும். அதன் அழகை எத்தனை முறை நோக்கினும் எனக்குத் தெவிட்டியதில்லை.

ஓட்டையுள்ள கூடுகளையெல்லாம் "உடைந்தவை" என்றெழுதி ஒதுக்கினேன். இங்ஙனம் இரண்டு வாரங்கள் கழிந்தன. குறிப்பேட்டைப் புரட்டிய ஆசிரியர், "எல்லாம் ஒரே இடத்தில், ஒரே வடிவில் எப்படியப்பா உடைந்தன?" என்றார். நாணி வாயடைத்து நின்றேன்.

அவ்வோட்டை, கச்சைக்கு மேலுள்ள தகடொன்று கழன்று, உயிர் வெளியேறிய வாயில். இனங்காண்பதற்குத் தலையாய அடையாளமும் அதுவே! பெரியோரும் இவ்விடத்தில் தடுமாறினர் என்பது எனக்குச் சிறிது ஆறுதல். 1830-களில் எரன்பெர்க் ஐரோப்பியச் சக்கிமுக்கிக் கற்களில் இவ்வினத்தைக் கண்டு பாசிவகையொன்றோடு சேர்த்தார். 1850-ல் மாண்டெல் இன்று வழங்கும் பேரினப் பெயரை இட்டார். அமெரிக்கரான எவிட் 1961-ல் அவ்வாயிலைக் கொண்டே இக்கூடுகள் டைனோஃபிளாஜெல்லேட்டின் உறைகளென நாட்டினார்.

ஒதுக்கிவைத்த கண்ணாடித் தகடுகள் பதினெட்டு. நேற்று மாலைவரை ஏழினை மீண்டும் எண்ணி முடித்திருக்கிறேன்.