மென்மைக்கும் ஓர் அளவு உண்டு

படூரில் புதிதாக வீடு வாங்கி வரும் பிள்ளைகள் கார் நிறுத்த இடம் இருக்கிறதா, வேலைக்குப் போகும் வழி எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று கேட்பவர் அரிது. கொஞ்ச நாள் போனதும், "ஐயா, கீசர்ல சூடே வரலை, ஷவர் அடைச்சுக்குது" என்று வந்து நிற்பார்கள். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும் முன், அது எதோடு காலம் தள்ளப்போகிறது என்று பார்க்க வேண்டும். குழாயும் கீசரும் வாஷிங் மெஷினும் காலம் தள்ளுவது தண்ணீரோடுதான்.

நமக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழிமுகமும், அப்பால் கடலும். இந்த நிலத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அது கடினநீர். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

கடினநீர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டுமானால், பழுதான கீசரின் எலிமெண்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். உலோகமே தெரியாது. வெள்ளைச் சுண்ணாம்பு கெட்டியாக அப்பிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழும். நீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த பைகார்பனேட் சிதைந்து இப்படிப் படிகிறது. அந்த ஓடு சூட்டை நீருக்குப் போகவிடாது. கரண்ட் பில் ஏறும். எலிமெண்ட் உள்ளுக்குள்ளேயே காய்ந்து ஒருநாள் எரிந்துபோகும். பருப்பு வேக நேரமாவதும், சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதும் இதே நீரின் குணம்தான்.

இதில் சலித்துப்போனவர்கள் நேர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். ஒரு துளிக் கடினம்கூட இருக்கக் கூடாது என்று, நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரை முழுதாகத் திருப்பிவிடுகிறார்கள். அங்கேதான் அவர்களை நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. கடினத்தன்மை 100 மில்லிகிராம் குறைந்தால் சோடியம் சுமார் 46 மில்லிகிராம் கூடும். 500 அளவுள்ள நீரை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் சேர்ந்துவிடும். இரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் அதைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. "மெஷின் போட்டும் டி.டி.எஸ். குறையலையே" என்று சண்டை பிடிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வருகிறது, டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைக் காட்டாது.

மென்னீரின் அருமையைக் கோவைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சிறுவாணித் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்கு நம் போர் தண்ணீர் ஒருநாளும் பிடிக்காது. சோப்பும் சோப்புத்தூளும் மிச்சம், துணி மிருதுவாக இருக்கும், குழாய் அடைக்காது. ஆனால் நீர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போன்றது. வயிறு நிறைந்திருந்தால் மீதியைத் தட்டில் விட்டுவிடும். பசித்திருந்தால் கைக்குக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். தாது இல்லாத நீர், குழாயின் உலோகத்தையே கரைக்கப் பார்க்கும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு 1859இல் லாக் கேட்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. மிக மென்மையான நீர். அதே நீர், வீடுகளில் இருந்த ஈயக் குழாய்களைக் கரைத்து ஈயத்தைக் குடிநீரில் கலந்தது. பிற்காலத்தில் தண்ணீருக்கே மருந்து கலந்து அதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

நம் கடற்கரையிலும் இந்தக் கணக்கு உண்டு. நெம்மேலியில் 2013இல் நாளுக்குப் 10 கோடி லிட்டர், 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் திறக்கப்பட்டன. சவ்வு வழியே பிழிந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய மிஞ்சாது. அதனால்தான் இப்படிப்பட்ட ஆலைகளில் குழாய்க்கு அனுப்புமுன் சுண்ணாம்புச் சத்தை மறுபடியும் சேர்ப்பது வழக்கம். கோடி கோடியாய்ச் செலவழித்து உப்பை எடுத்தவர்களே ஓரளவு தாதுவைத் திரும்பக் கலக்கிறார்கள் என்றால், அந்த அளவு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துக் கடினத்தன்மை, பி.எச். இரண்டையும் எழுதி வாங்குங்கள். சாஃப்ட்னர் வைத்தால் கீசர், குளியல், துணி துவைக்கும் லைனுக்கு மட்டும் கொடுங்கள்; சமையலறைக்கும் செடிக்கும் வேண்டாம். பைபாஸ் வால்வைக் கொஞ்சம் திறந்து, மூல நீரையும் கலந்துவிடுங்கள். கீசருக்குள் தொட்டியைக் காக்க ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும், ஆனோடு என்பார்கள். தொட்டிக்குப் பதிலாக அதுதான் கரைகிறது. மென்னீரில் அது வேகமாகத் தேயும், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்றச் சொல்லுங்கள். கீசரை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சோப்புத்தூளைக் குறையுங்கள். பழைய ஜி.ஐ. பைப் உள்ள வீட்டில் நீரை மாற்றினால் துரு கலங்கி வரலாம். முடிந்தால் முதலில் பைப்பை மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை உலோகக் குழாயில் விடாதீர்கள். இரவெல்லாம் பித்தளைக் குழாயில் தேங்கிய முதல் நீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. சாஃப்ட்னரின் ரெசினைப் புதுப்பிக்க அவ்வப்போது கழுவிய உப்புநீர் எங்கே போகிறது என்று உங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் கேளுங்கள். அதை மண்ணில் விட்டால், நாளைக்கு நம் போரிலேயே அது திரும்பி வரும். இன்னும் கடினமான நீர், இன்னும் பெரிய மெஷின், இன்னும் அதிக உப்பு என்று அந்தச் சுற்று நிற்காது. நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் மென்னீர் மழை ஒன்றுதான். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்காகத் தோண்டிய குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வீட்டுக் குழியைத் தூர் வாரிவிடுங்கள். சாஃப்ட்னர் வாங்குவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.